பேத்தி குச்சி உரசுன அன்னைக்கி

நானும் சினிமாவுல நடிச்சிருக்கேன். சிரிக்காதீக. ரெண்டு நிமிசப் படந்தான், அதுலயும் என் மூஞ்சி தெரியாது, முதுகுதான் தெரியும். ஆனாலும் விருதுநகர் காலேஜ்ல வெள்ளைத் துணி கட்டி, அம்புட்டுப் பிள்ளைகளும் வாயப் பொளந்துக்கிட்டு என் முதுகைப் பாத்திருக்காக. எங்க தெருவுல வேற எவளுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு? கிளக்கு வீட்டு மதினிக்கு இருக்கு. அவளும் அதுல வாரா. அவளை விட்டுட்டுச் சொன்னேன்னு தெரிஞ்சா ஒரு வாரத்துக்கு வைவா.

நான் வாயால சொல்றேன், போன்ல பதிவாகுது, பொறவு பேத்தி அதை எளுத்தாக்குவா. பேத்தின்னா என் மகன் மக. விஸ்காம் படிக்கா. கேமராவுக்கும் சினிமாவுக்கும் ஒரு படிப்பு இருக்குன்னு அவ சேந்த பொறவுதான் எனக்குத் தெரியும். மகன் சிவகாசியில அச்சாபீஸ்ல மிசின் ஓட்டுறான். நானும் அவுக அப்பாவும் காலம்பூராம் பயராபீஸ்ல, அதான் பட்டாசுக் கம்பெனியில, கெடந்ததைப் பாத்து வளந்தவன். "எம்புள்ள நெளல்கூட அந்தப் பக்கம் விளக்கூடாது"ன்னு வச்சிருந்தான். அதனால அந்தப் பிள்ளை வெம்பக்கோட்டைக்கும் ஏளாயிரம்பண்ணைக்கும் நடுவுல வளந்தும் ஒரு வெடி ரூமுக்குள்ள கால் வச்சதில்ல. காலையில வேன்ல பொம்பளைக போறதையும் சாயங்காலம் வேன்ல எறங்குறதையும் பாத்திருக்கா. நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியாது.

அவுக சார் ஒரு வேலை குடுத்தாரு. ஒரு சினிமா எப்பிடி ஆரம்பிக்குமோ, அந்த ஆரம்பத்தை மட்டும் எடுத்துட்டு வரணும். ரெண்டு நிமிசம்.

"மிச்சப் படம்?"ன்னு கேட்டேன்.

"மிச்சம் கிடையாது அப்பத்தா. ஓப்பனிங் மட்டுந்தான்."

"வாசலைக் கட்டிட்டு வீட்டைக் கட்டாம விட்ருவீகளாக்கும்."

"எவ வாசல் நல்லாருக்கோ அவளுக்குத்தான் வீடு கட்டக் குடுப்பாக"ன்னா. அதுதான் வெசயம். வகுப்புல எல்லாரும் ஆளுக்கொரு ஆரம்பம் எடுத்துட்டுப் போகணும். சார் அதுல ஒண்ணே ஒண்ணை எடுப்பாராம். அதுதான் முளுப் படமாகுமாம். அதை எடுத்த பிள்ளை டைரக்டரு. மத்ததுக எல்லாம் அவளுக்கு லைட்டுத் தூக்கணும், வயரு சுத்தணும். "நான் வயரு சுத்த மாட்டேன் அப்பத்தா"ன்னு சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைச்சுக்கிச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் அப்பிடித்தான் விடைக்கும்.

மொதல்ல அவ போட்ட திட்டத்துல மளை பெய்யுது, காரு வருது, பங்களா மாடிப்படியில ரத்தம் வளியுது. சார் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "இந்த மழை எந்த ஊர்லம்மா பெய்யுது?" அம்புட்டுத்தான். பிள்ளை வீட்டுக்கு வந்து சோறு திங்கல. எனக்கு அந்த சாரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஆனா அதை அவகிட்டச் சொல்லல.

பொறவு ஒரு நா, காலண்டர் மாட்டுற ஆணியில பெரிய அட்டையை மாட்டிட்டா. அது நெறையப் பொட்டி பொட்டியாக் கோடு. ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் ஒரு படம். இதைப் போட்டுக்கிட்டுத்தான் சினிமா எடுப்பாகளாம். எந்தப் பக்கம் கேமரா வைக்கணும், எப்பச் சத்தம் வரணும், எப்ப எளுத்து வரணும், அம்புட்டும் அதுலயே இருக்கும். கீள அவ பொடிசாக் கிறுக்கி வச்சிருந்ததை விட்டுட்டு நான் படத்தை மட்டும் பாத்துக்கிட்டே போனேன். மொதப் பொட்டியில காடு. அடுத்து செருப்புக் காலு ரெண்டு. அடுத்து சாத்துன கதவு. அடுத்து தீப்பெட்டி பிடிச்ச கையி. பொறவு ஒருத்தி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வெடிச் சரம் பின்னுறா. கடைசிப் பொட்டி பூராம் கறுப்பு.

"ஏத்தா, உக்காந்திருக்கவ செத்தவளா?"ன்னேன்.

அவ பேனாவைக் கீள போட்டுட்டா. "எப்பிடி அப்பத்தா கண்டுபிடிச்ச? நான் இன்னும் யார்ட்டயும் சொல்லலியே."

"எல்லாக் கதவும் சாத்திக் கெடக்குல்ல. உசுரோட இருக்கவ எவ கதவைச் சாத்திக்கிட்டு வெடி ரூமுக்குள்ள உக்காருவா?"

அவ இருட்டு வேணுமேன்னுதான் கதவைச் சாத்தி வரைஞ்சிருக்கா. எங்க ரூம்ல நாலு பக்கமும் கதவு இருக்கும். ஆளு உள்ள இருக்குற வரைக்கும் ஒண்ணைக்கூடச் சாத்தக் கூடாது. ஏதாவது ஒண்ணுன்னா எந்தப் பக்கம் மூஞ்சி இருக்கோ அந்தப் பக்கமா ஓடணும். இதைச் சொன்னதும் அட்டையில அந்தப் பொட்டிக்குக் கீள வேகமா எளுதினா. என்னத்தா எளுதுறன்னு கேட்டா, "நீ சொன்னதைத்தான்"ங்கா. எனக்குப் பெருமை தாங்கல.

கதை இதுதான். மூடிக் கெடக்குற பயராபீஸுக்கு ஒரு கிளவி செருப்புச் சத்தம் கேக்க நடந்து வாரா. தான் வேலை பாத்த ரூமைத் தேடுறா. உள்ள போயி இருட்டுல குச்சி உரசுறா. அந்த வெளிச்சத்துல ஒருத்தி முதுகைக் காட்டி வேலை பாத்துக்கிட்டு இருக்கா. குச்சி அணையுது. படத்துப் பேரு வருது. பேரை நாலு தினுசா எளுதிக் கொண்டாந்து, "எது பயமா இருக்கு?"ன்னு எங்கிட்ட நீட்டினா. வாசிக்கத் தெரியாதவகிட்ட இதைக் கேக்குறாளேன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணுல என் கண்ணு நின்னுருச்சு. கோணலா, செவப்பா, சொவத்துல பிரஷ்ஷால இளுத்த மாதிரி. பயராபீஸ் சுத்துச் சொவத்துல அப்பிடித்தான் எளுதிருக்கும். என்ன எளுதிருக்குன்னு நான் ஒரு நாளும் வாசிச்சதில்ல. ஆனா அந்தச் செவப்பைப் பாத்தா காலு தன்னால நின்னுரும். "இது"ன்னேன். அதையே எடுத்துக்கிட்டா.

நடக்குற கிளவி நான். உக்காந்திருக்கவ மதினி. மதினிகிட்டச் சொல்லப் போனா ஒரே சண்டை.

"நான் ஏன் சாகணும்? நீ சாகக் கூடாதா?"

"எனக்கு நடை இருக்கு மதினி. உனக்குத்தான் முட்டி வலி. செத்தா உக்காந்தே இருக்கலாம்."

"நடிக்கத் தெரியாதவளுக்கு நடையைக் குடு. உக்காந்துக்கிட்டு நடிக்குறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?" அப்பிடின்னு சொல்லிக்கிட்டே எந்தச் சேலை கட்டுறதுன்னு பெட்டியைத் திறந்துட்டா.

எடம் நாங்க ரெண்டு பேரும் வேலை பாத்த பளைய கம்பெனிதான். மூடி மூணு மளைக்காலம் போயிருச்சு. அங்க போர்மேனா இருந்தவரு இப்ப வாச்மேனா இருக்காரு. ஞாயித்துக்கெளமை ஒரு நாள் விடுறேன், நாலு மணிக்குப் பூட்டிருவேன், திங்கக்கெளமை ரூமை எல்லாம் இடிக்க மிசின் வருதுன்னு சொல்லிட்டாரு. அப்ப அந்த ஒரு நாளை விட்டா பேத்திக்கு வேற கிடையாது. மகனுக்குத் தெரியாமத்தான் போனோம். கோயிலுக்குன்னு சொன்னேன். அந்தப் பாவம் எனக்கு.

பேத்தி கூட ஒரு பொண்ணு வந்துச்சு. அதுதான் கேமரா பிடிக்கிற பிள்ளை. விருதுநகர்ல பருப்பு யாவாரம் பண்றவுக வீட்டுப் பிள்ளை, தங்கமான பிள்ளை, ஆட்டோவுல எனக்கும் மதினிக்கும் சேவு குடுத்துக்கிட்டே வந்துச்சு. ஆட்டோ தாயில்பட்டி தாண்டி மண்ரோட்டுல திரும்புனதும் மதினி சேவைத் திருப்பிக் குடுத்துட்டா.

உச்சி வெயிலு. சீமக்கருவ மண்டிக் கெடக்கு. நடுவுல நடுவுல ஒவ்வொரு ரூமா, ஒண்ணுக்கொண்ணு எட்டி எட்டி, கோவிச்சுக்கிட்டு நிக்குற மாதிரி நிக்குது. ஒரு காக்கா இல்ல. கதவெல்லாம் போயிருச்சு, வாசல் மட்டும் நாலு பக்கமும் தெறந்து கெடக்கு. ஒரு வாசல் வளியாப் பாத்தா எதுத்த வாசல் வளியா அந்தப் பக்கத்துக் காடு தெரியும். காட்டைத்தான் பாக்குறோம், ஆனா நடுவுல யாரோ குறுக்க போன மாதிரியே இருக்கும். பேத்தி அட்டையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, "அப்பத்தா, நான் வரைஞ்சதை விட நல்லாருக்கு"ன்னு குதிக்கா.

எங்க ரூம் வாசல்கிட்டப் போனதும் அவ குதிப்பு நின்னுச்சு. நெலைக்குப் பக்கத்துச் சொவத்துல கை அச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல. வெள்ளி நெறத்துல, வெரலு வெரலாத் தெரியுது. "யாரு இதை வரைஞ்சா?"ன்னா. யாரும் வரையல. வெடிமருந்து கலக்குற ரூம் ஆளுக எங்க வாசல் பானையில தண்ணி குடிக்க வருவாக. அலுமினியப் பவுடரு ஒட்டி அவுக மூஞ்சி, முடி, கையெல்லாம் வெள்ளிச் செலையாட்டம் இருக்கும். உள்ள வரக் கூடாதுன்னு சொவத்துல ஒரு கையை ஊணிக்கிட்டு, எட்டி மொண்டு குடிப்பாக. பேத்தி ஒரு கை அச்சுல தன் கையை வைக்கப் போனா. மதினி வெடுக்குன்னு இளுத்துட்டா. "அது அவுக அவுக கையி. உன் கையைச் சட்டைப் பையில போடு."

மொத வேலை சத்தம் பிடிக்கிறது. அந்த ரூம் சும்மா இருந்தா எப்பிடிச் சத்தம் வருமோ அதைப் பதியணுமாம். ஒண்ணுமே இல்லாததைப் பதியுறதுக்கு நாங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். பொறவு கேமராப் பிள்ளை ஹெட்போனை என் காதுல மாட்டுச்சு. முன்னால பனை ஓலை உரசுற சத்தம். அதுக்குக் கீள, ரொம்பக் கீள, சரசரன்னு ஒண்ணு. காயிதம் சுருட்டுற சத்தம்.

"ஓலைதான் பாட்டி"ன்னுச்சு அந்தப் பிள்ளை.

ஓலையாத்தான் இருக்கும். ஆனா ஓலை ஒரே வேகத்துல சத்தம் போடாது. சாயங்காலம் வேன் வரப்போகுதுன்னா கை வேகமாகும். அந்தச் சத்தம் அப்பிடி வேகமாச்சு. நான் ஹெட்போனைக் களட்டி மதினிகிட்டக் குடுத்தேன். அவ வாங்கல.

கதவு இல்லாததால ரெண்டு வாசலைப் பலகை வச்சு மறைச்சாச்சு. தான் உக்காருற எடத்துக்குப் பக்கத்து வாசலையும் எதுத்த வாசலையும் பலகை வச்சா உக்கார மாட்டேன்னு மதினி ஒரே பிடியா நின்னா. பொறவு அது ரெண்டுக்கும் கறுப்புத் துணி தொங்கவிட்டாளுக. மதினி துணியைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "ம், இதுன்னா சரி"ன்னா. நான் நுளையுறதுக்குப் பலகை வச்ச பக்கம் ஒரு ஆள் சந்து விட்டாச்சு. "தரையில மருந்து இருந்துச்சுன்னா?"ன்னு மதினி வாச்மேனைப் பிடிச்சா. "மூணு மளைக்காலம் ஒளுகிருக்கு மதினி. நேத்து வேற கொடங்கொடமா ஊத்திக் களுவிவிட்டேன். உங்க மூக்குப்பொடி விளுந்தாத்தான் உண்டு"ன்னாரு. மதினி அதுக்கும் சிரிக்கல.

"ஆக்சன்"னா பேத்தி. நான் நடந்தேன். சரக்கு சரக்குன்னு செருப்புச் சத்தம் கேக்கணும், அதுக்குன்னே புதுச் செருப்பு வாங்கிக் குடுத்திருந்தா. கையில தீப்பெட்டி. ஜோரா நடந்து போயி ரூமுக்குள்ள நொளைஞ்சேன்.

"கட் கட். அப்பத்தா, செருப்பு எங்க?"

கீள பாத்தா வெறுங்காலு. செருப்பு வாசலுக்கு வெளிய ஜோடியாக் கெடக்கு. நான் எப்பக் களட்டுனேன்? சரி, மறந்துட்டேன்னு சொல்லிட்டு மறுபடி நடந்தேன். மறுபடியும் வெறுங்காலு. செருப்பைக் களட்டக் கூடாது, களட்டக் கூடாதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே நடந்தேன். உள்ள போனா தரை சில்லுன்னு இருக்கு. வாச்மேன் வெளிய நின்னு, "என்ன மதினி, கோயிலுக்கா வந்திருக்கீக?"ங்காரு. பேத்தி சிரிக்கல. மணியைப் பாத்துக்கிட்டா.

அஞ்சாறு தடவை ஆன பொறவு கேமராப் பிள்ளை, "பாட்டி, இங்க வந்து பாருங்க"ன்னு கூப்புட்டுச்சு. எடுத்ததை எல்லாம் வரிசையாப் போட்டுக் காட்டுச்சு. அதுல நான் நடந்து வாரேன். வாசலுக்கு ஒரு எட்டு முன்னால நிக்கேன். செருப்பைக் களட்டுறேன். தீப்பெட்டியைக் குனிஞ்சு செருப்பு மேல வைக்கேன். பொறவு வலது கையை நீட்டி, நெலைக்குப் பக்கத்துல சொவத்தைத் தொடுறேன். உள்ள போறேன். ஒவ்வொரு தடவையும் அதே எடம், அதே கையி. எனக்குச் செருப்பு மட்டுந்தான் தெரியும். தீப்பெட்டியை வச்சது தெரியாது. தொட்டது சத்தியமாத் தெரியாது.

"அங்க என்ன இருக்கு அப்பத்தா?"

ஒண்ணுமில்ல. செம்புத் தகடு இருந்துச்சு, எவனோ பேத்துட்டுப் போயிட்டான். ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும்னு, உள்ள போகும்போது அதைத் தொட்டுட்டுத்தான் போகணும். பொறி பறந்துரக் கூடாதுன்னு செருப்பும் தீப்பெட்டியும் வெளியவே கெடக்கணும். வெறுஞ்சொவத்துல ஆணி போன ஓட்டைதான் நாலு இருக்கு. படத்துல என் கையி அந்த நாலு ஓட்டைக்கும் நட்டநடுவுல போயிப் படியுது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. பேயைப் பாத்தவுகளுக்கு இப்பிடித்தான் இருக்கும் போல. ஆனா அங்க தெரியுறது நான்.

"நல்லாத்தான் நடிக்கா. யாருக்குன்னுதான் தெரியல"ன்னா மதினி.

மணி மூணு தாண்டிருச்சு. பேத்தி அட்டையில வெரலை ஓட்டி, மிச்சம் இருக்குற பொட்டிகளை எண்ணுனா. மூக்குகூட விடைக்கல. நான், "இன்னொருக்காப் போறேன் தாயி"ன்னேன். "வேண்டாம். ஒன்னால முடியாது அப்பத்தா. அது ஒன் தப்பில்ல"ன்னுட்டு, என் செருப்பைத் தன் காலுல மாட்டி, தீப்பெட்டியை எடுத்துக்கிட்டா. "நானே நடக்கேன். நீயும் மதினி அப்பத்தா கூட உள்ள உக்காரு. ஒருத்திக்கு ரெண்டு பேரா இருக்கட்டும். முதுகு மட்டுந்தான் தெரியும். சரம் பின்னுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீக."

எனக்கு ஒரே சந்தோசம். நடந்து நடந்து காலு வேற வலிச்சுச்சு. உள்ள போயி மதினி பக்கத்துல சம்மணம் போட்டேன். வெறும் காயிதக் குளாயும் நூலுந்தான் வச்சிருந்தா, மருந்து எதுவும் கிடையாது. துணியை எறக்குனதும் இருட்டு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா கைக்குத் தெரியுது. எடுக்குது, வளைக்குது, முடிச்சுப் போடுது, தள்ளுது. மூணு வருசம் ஆச்சு, ஒரு முடிச்சு தப்பல. மதினி கையும் என் கூடவே ஓடுது.

இதை எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. கொஞ்ச நேரத்துல அங்க எத்தனை பேரு இருக்கோம்ங்கிற கணக்கு எனக்கு விட்டுப் போச்சு. ஒரு ரூமுக்கு நாலு பேருதான், அதுக்கு மேல உக்காரக் கூடாது. நாலு பேரு இருக்கோம்னு தோணுச்சு. என் எடது பக்கம் ஒருத்தி இருக்கா. பின்னால ஒருத்தி. அவளுக பாட்டுக்குப் பின்னுறாளுக, நான் பாட்டுக்குப் பின்னுறேன். பயமே இல்ல. திரும்பிப் பாக்கணும்னுகூடத் தோணல. வேலை நேரத்துல எதுக்குத் திரும்பணும்?

அப்பத்தான் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. ரூமுக்குள்ள, சரக்கு சரக்குன்னு. எவ அவ, செருப்போட உள்ள வாரவன்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. நான் வாயைத் தெறக்குறதுக்குள்ள முதுகுக்குப் பின்னால குச்சி உரசுற சத்தம்.

அதுக்கடுத்து எனக்குத் தெரிஞ்சது, நான் கருவைக்குள்ள நிக்கேன். காலு பூராம் முள்ளு. தலையில கறுப்புத் துணி கெடக்கு. கையில நூலு. ரூமைப் பாக்காம, காட்டைப் பாத்து நிக்கேன். தோளை ரெண்டையும் காதுகிட்டத் தூக்கி வச்சிருக்கேன். சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்.

சத்தம் வரல.

அப்பிடி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்ல. எப்பவும் ஓடுனா சத்தம் வந்துரும். பொறவு அளுகை வரும், பொகை வரும், வேனு வரும். அன்னைக்கி ஒண்ணும் வரல. வெயிலு மட்டும் அடிக்குது. அம்புட்டு நேரங்களிச்சுத்தான் எனக்குப் பேத்தின்னு ஒருத்தி இருக்கான்னே நெனப்பு வந்துச்சு. அவ உள்ள இருக்கான்னு நெனப்பு வந்துச்சு. குச்சி உரசுனதே அவதான்னு நெனப்பு வந்துச்சு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை பொறக்கவே இல்லாத மாதிரி இருந்துச்சு எனக்கு.

திரும்பி ஓடுனேன். எதுத்தாப்புல மதினி வாரா, அந்தப் பக்கத்து வரப்புல இருந்து. ஆட்டோவுல ஏற ரெண்டு ஆள் பிடிச்சவ, வரப்பு வரைக்கும் ஓடிருக்கா. உள்ள பேத்தி நின்ன எடத்துலயே நிக்கா. குச்சி கரிஞ்சு வெரலைச் சுட்டுருக்கு, அதைக்கூடக் கீள போடல. ரெண்டு பக்கமும் துணி இல்லாம வெளிச்சம் பளீர்னு அடிக்குது. கேமராப் பிள்ளை மூலையில கல்லாட்டம் நிக்குது.

பேத்தி மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? "கேமரா ஓடுச்சா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு"ன்னுச்சு அந்தப் பிள்ளை.

பொறவுதான் என்னையப் பாத்தா. கோவமாக் கேக்கல, ஆச்சரியமாத்தான் கேட்டா. "அப்பத்தா, என்னைய உள்ள விட்டுட்டுப் போயிட்டியே. திரும்பிக்கூடப் பாக்கல."

மதினிதான் என் காலு முள்ளைப் பிடுங்கிக்கிட்டே சொன்னா. "திரும்பிப் பாத்தவளுக எல்லாம் போட்டோவுல இருக்காளுக தாயி. மாலை போட்டு. எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியும். இன்னைக்கு உனக்கும் தெரிஞ்சு போச்சு."

வாச்மேன் நாலு மணின்னு கத்துனாரு. வேற ஒண்ணும் எடுக்கல. ஆட்டோவுல பேத்தி என் பக்கத்துல உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வீடு வார வரைக்கும் விடல. நான் ஓடிருவேன்னு நெனச்சாளோ என்னமோ.

ரெண்டு நா கம்ப்யூட்டர் முன்னாலயே கெடந்தா. அட்டையில இருந்த பொட்டிகளைப் பாதிக்கு மேல கிளிச்சுப் போட்டுட்டா. நடக்குற காலும் வேண்டாம், தீப்பெட்டிக் கையும் வேண்டாமாம். பொறவு எனக்குப் போட்டுக் காட்டுனா. மொதல்ல இருட்டு. காயிதம் சரசரங்குற சத்தம் மட்டும், அந்த ஒண்ணுமில்லாத சத்தந்தான். பொறவு செருப்புச் சத்தம். குச்சி உரசுது. வெளிச்சத்துல ரெண்டு கிளவி முதுகு, சரம் பின்னிக்கிட்டு. தீ நிமிந்து எரியுறதுக்குள்ள ரெண்டு முதுகும் இல்ல. ரெண்டு பக்கமும் கறுப்பு கிளிஞ்சு வெள்ளை வெளிச்சம் சொவராட்டம் உள்ள விளுகுது. நடுவுல பேத்தி மட்டும், கையில அம்புட்டுக்காணு தீயோட. ஒண்ணும் நடக்கல. குச்சி முளுசா எரிஞ்சு முடியுற வரைக்கும் ஒண்ணுமே நடக்கல. அதுதான் தாங்க முடியல. பொறவு அந்தச் செவப்பு எளுத்து வருது.

நான் கையைத் தட்டிட்டேன். பயத்துல தட்டுனேனா சந்தோசத்துல தட்டுனேனான்னு தெரியல. "இன்னொருக்காப் போடு"ன்னேன். நான் போற வேகத்தைப் பாக்கணுமே. புகை மாதிரி போறேன். என் வயசுக்கு எவ போவா அப்பிடி?

காலேஜ்ல ஓடி முடிஞ்சதும் சார் மறுபடி போடச் சொல்லிருக்காரு. "எத்தனை டேக்?"ன்னாராம். ஒண்ணுன்னுருக்கா. "எத்தனை நாள் ஒத்திகை?"ன்னாராம். "எங்க அப்பத்தா முப்பது வருசமாப் பாத்த ஒத்திகை சார்"னுருக்கா எம் பேத்தி. வாயைப் பாருங்க. அவதான் டைரக்டர். வயரு சுத்துறது மத்தவுக. மகனுக்கும் அப்பத்தான் விசயம் தெரிஞ்சு, என்னைய நாலு வார்த்தை கேட்டான், கோயில் பொய்க்குத் தனியாக் கேட்டான். கேட்டுட்டு, "சரி, போடு பாப்பம்"னு அவனும் பாத்தான். பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

இப்ப முளுப் படம் எடுக்கப் போறாக. அந்த ரூம் இடிஞ்சு போச்சு, வேற எடம் பாத்திருக்காக. சார் ஒரு யோசனை சொல்லிருக்காராம். அந்த ஓட்டத்தை முன்னாடி இருந்தும் ஒருக்கா எடுக்கணுமாம். மூஞ்சி தெரியணுமாம். பேத்தி வந்து என் காலடியில உக்காந்து, "அப்பத்தா, ஓடிக் காட்டுறியா?"ன்னு கேட்டா. தெருவுல ஓடிப் பாத்தேன். மதினி வாசல்ல நின்னு, "ரேசன்ல சீனி தீரப் போகுதுன்னு போற மாதிரி இருக்கு"ன்னு சிரிக்கா. நெசந்தான். ஓடணும்னு நெனச்சு ஓடுனா அது வரல. மறுபடி ஓடுனேன், வரல. பேத்தி மூஞ்சி வாடிப் போச்சு. வேண்டாம்னு விட்ருவா போல இருந்துச்சு. மறுபடி என்னைய அப்பிடிப் பயங்காட்ட அவளுக்கு மனசு வரல, எனக்குத் தெரியும்.

நான் அவளைப் பக்கத்துல இளுத்து உக்கார வச்சுச் சொன்னேன். "ஓடுன்னு எங்கிட்டச் சொல்லாத தாயி. கேமராவை எந்தப் பக்கம் வேணும்னாலும் வையி. என்னையச் சரம் பின்ன மட்டும் உக்கார வையி. எப்பக் குச்சியை உரசுவன்னு மட்டும் சொல்லிராத. அந்த நேரம் என் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு நானும் பாத்ததில்ல. எனக்கும் பாக்கணும்."